பட்டை ஈரமா இருக்கு

போன மாதம் கோத்தா பாருவில் மகளைப் பார்த்துவிட்டு கோலாலம்பூர் பக்கத்திலிருக்கும் சுபாங் விமான நிலையத்துக்குத் திரும்பி வந்தேன். இரண்டு பக்கமும் காற்றாடி சுற்றும் சின்ன விமானம். சுங்கை பூலோ பக்கம் வந்தபோது ஜன்னலில் மழைத் தண்ணீரைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. சக்கரம் இறங்கிய சத்தம் கேட்டது. சரி, வந்துவிட்டோம் என்று கழற்றிப்போட்ட செருப்பைக் காலால் தேடிக்கொண்டிருந்தேன். திடீரென்று இன்ஜின் உறுமியது, முதுகு இருக்கையில் அழுந்தியது. விமானம் மறுபடியும் மேலே ஏறிவிட்டது.

பக்கத்து இருக்கைக்காரர் கடிகாரத்தைப் பார்த்து "ச்சே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து பைலட் மலாயில் அறிவித்தார்: ஓடுபாதை தெரியவில்லை, ஒரு சுற்று சுற்றி வருகிறோம். எனக்கு அந்த ஆளைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது. எங்களுக்குக் கீழே எங்கேயோ எல்மினா இருந்தது.

இப்போது எல்மினா என்றால் வரிசை வரிசையாகப் புது வீடுகள். 1977இல் அது கித்தாத் தோட்டம், அதாவது ரப்பர் தோட்டம். பெரியம்மா குடும்பம் அங்கே லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், இருந்தது. நாங்கள் பத்தாங் பெர்ஜுந்தையில் வேறொரு தோட்டம். எனக்கு ஒன்பது வயது. அந்த வருடம் செப்டம்பர் 27ஆம் தேதி, தோக்கியோவிலிருந்து ஹாங்காங் வழியாக வந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் டிசி-8 விமானம், மோசமான வானிலையில் சுபாங்கில் இறங்க வந்து எல்மினா தோட்டத்துக் குன்றில் மோதியது. 79 பேரில் 34 பேர் போய்விட்டார்கள்.

லயத்தில் ஏது போன்? முடிவெட்டும் கடையில் யாரோ பேப்பரை உரக்கப் படிக்க, 'எல்மினா' என்ற பெயர் காதில் விழுந்ததும் அப்பா பாதித் தலையோடு எழுந்து வந்துவிட்டார். அம்மா அழுத அழுகையில் அப்பா அப்படியே பஸ் ஏறினார். போய்ப் பார்த்தால் பெரியம்மா வாசலில் கோழிக்கு நொய் போட்டுக்கொண்டிருந்தாராம். "இடிதான் விழுந்துச்சுன்னு நெனச்சேன் தம்பி. ஆனா இடி ஒரு தடவதானே விழும்? இது மரம் மரமா முறிஞ்சிக்கிட்டே போச்சு."

இந்த வாக்கியத்தை அப்பா எங்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை.

காரணம் என்ன என்பதை நான் பெரியவளான பிறகுதான் படித்தேன். ஓடுபாதை கண்ணில் படாமல் 750 அடிக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது விதி. கேப்டன் இறங்கினார். இறங்கிக்கொண்டே இருந்தார். விமான நிலையத்துக்கு இன்னும் நாலு மைல் இருக்கும்போது, சுமார் 300 அடி உயரத்தில் குன்று குறுக்கே வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த துணை விமானி அவரைத் தடுத்துக் கேட்கவில்லை என்பதையும் விசாரணை அறிக்கை சொன்னது.

இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டியபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. "மண்டோர்கிட்ட யாரும்மா சொல்றது?" என்றார். மண்டோர் என்றால் தோட்டத்தில் வேலை வாங்கும் மேற்பார்வையாளர்.

அப்புறம் ஒரு கதை சொன்னார். இராத்திரி முழுக்க மழை பெய்த ஒரு விடியற்காலை. ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்ற எல்லாருக்கும் தெரியும், இன்றைக்குப் பால் வெட்ட முடியாதென்று. அப்பா முதல் மரத்தில் உள்ளங்கையை வைத்து எடுத்து, ஈரத்தை மண்டோரிடம் காட்டியிருக்கிறார். பட்டை ஈரமாக இருந்தால் பால் வெட்டுக்காயத்தின் வழியே மங்குக்கு, அதாவது மரத்தில் கட்டிய கிண்ணத்துக்கு, வராது. பட்டையெல்லாம் பரவி வழிந்துவிடும். மண்டோர் அந்தக் கையைப் பார்த்தார், "வெட்டு" என்றார். நாற்பது பேரும் வாயைத் திறக்காமல் அவரவர் மர வரிசைக்கு, நிரைக்கு, போனார்கள். அப்பாவும்தான். பத்து மணிக்கு மறுபடி மழை. மங்கு நிறையத் தண்ணீர். எல்லாவற்றையும் கொட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார்கள்.

"எங்களுக்குப் போனது ஒருநாள் கூலி" என்று நிறுத்திக்கொண்டார்.

சுபாங் மழை அதோடு விடவில்லை. 1983 டிசம்பர் 18ஆம் தேதி சிங்கப்பூரிலிருந்து வந்த, மாஸ் என்ற மலேசிய விமான நிறுவனத்தின் ஏர்பஸ் ஒன்று, ஓடுபாதைக்கு முன்னாலேயே விழுந்தது. விமானம் எரிந்துபோனது, ஆனால் 247 பேரும் பிழைத்தார்கள். அதே எல்மினாவில் 2023 ஆகஸ்டில், மழை இல்லாமலேயே, ஒரு சின்ன விமானம் சாலையில் விழுந்து 10 பேர் இறந்த செய்தி வந்தபோது, அம்மா டிவியைப் பார்த்து "மறுபடியுமா?" என்று மட்டும் கேட்டார்.

எங்கள் விமானம் இரண்டாவது தடவை ஒழுங்காக இறங்கியது. பக்கத்து இருக்கைக்காரர் எனக்கு முன்னால் எழுந்து ஓடினார். வீடு வந்து சேரும்போது மணி பத்தரை. அம்மா தூங்காமல் உட்கார்ந்திருந்தார்.

"ஏன் இவ்வளவு லேட்டு?"

"மழைம்மா. ரோடு தெரியலைன்னு பைலட் ஒரு சுத்து சுத்திட்டுதான் இறக்குனாரு."

"நல்ல மனுஷன்" என்று சொல்லிவிட்டு, ரசத்தைச் சூடு பண்ணப் போனார்.