1,095 நாட்கள்

கனடியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் போகிறவர்கள் எல்லோரும் என்னிடம் தேர்வைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அதில் பயப்பட ஒன்றுமில்லை. 20 கேள்விகளில் 15 சரியாக இருந்தால் தேறிவிடலாம். அரசு இலவசமாகத் தரும் கையேட்டை ஒழுங்காகப் படித்தாலே போதும். என்னைப் படுத்தி எடுத்தது நாள் கணக்குதான்.

விண்ணப்பிப்பதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் 1,095 நாட்கள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். வேலை அனுமதியில் இருந்த காலம் நாளுக்கு அரை நாளாகத்தான் சேரும், அதுவும் 365 வரை. வெளிநாடு போன ஒவ்வொரு பயணத்துக்கும் புறப்பட்ட தேதி, திரும்பிய தேதி, காரணம் எல்லாம் எழுத வேண்டும். பழைய பாஸ்போர்ட்டையும் போர்டிங் பாஸ்களையும் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். தங்கை கல்யாணம், அப்பாவின் காரியம், மறு வருடம் தலைத் திவசம். ஊருக்கு உறவாக இருந்த நாளெல்லாம் இங்கே கழிவு! கணக்கு நிறைந்த மறுநாளே அவசரப்படாமல், சில வாரங்கள் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டு விண்ணப்பியுங்கள். ஒரு தேதி பிசகினாலும் தாங்கும்.

உறுதிமொழி ஏற்பு காணொலியில் நடந்தது. நிரந்தர வசிப்புரிமை அட்டையைக் கேமராவுக்கு முன்னால் கத்தரிக்கோலால் வெட்டச் சொன்னார்கள். தடித்த பிளாஸ்டிக், லேசில் வெட்டுப்படவில்லை. அதிகாரி பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு மன்னர் மூன்றாம் சார்லஸுக்கும் அவர் வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பதாகச் சொன்னோம். சுதந்திர தினக் கொடியேற்றத்தில் மிட்டாய் வாங்கித் தின்று வளர்ந்தவனுக்கு இது கொஞ்சம் வேடிக்கைதான். ஆனால் பூர்வகுடிகளின் உரிமைகளைக் குறிப்பிட்டு 2021-இல் சேர்த்த வரியை மனமறிந்தே சொன்னேன்.

இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு, வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வாங்கினேன். அதை வைத்துக்கொண்டு விசா இல்லாமல் ஊருக்குப் போகலாம், எவ்வளவு காலமும் தங்கலாம். ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. எங்கள் வயலை ஒட்டி விலைக்கு வந்த நிலத்தைத் தம்பிதான் வாங்கினான்.

2025 ஏப்ரல் 28 அன்று நாடாளுமன்றத் தேர்தல். இங்கே என் முதல் ஓட்டு. காகிதச் சீட்டு, பென்சில், விரலில் மை கிடையாது. வரிசையில் முன்னால் நின்ற யாழ்ப்பாணத்து அம்மா, “எந்த ஊர், தம்பி?” என்று கேட்டார். தஞ்சாவூர் என்றேன்.

“அது இல்லை, ஸ்கார்பரோவில் எந்தப் பக்கம்?” என்றார்.