பொய் சொல்லத் தெரிந்த வயது

"டீச்சர், பிள்ளை பொய் சொல்ல ஆரம்பிச்சிட்டான்." சிங்கப்பூரில் பாலர் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் என்னிடம் நர்சரி 2, கே1 (நான்கு, ஐந்து வயது) வகுப்புப் பெற்றோர் வருஷம் தவறாமல் கொண்டுவரும் கவலை இது. பயப்படாதீங்க, வளர்ச்சி சரியாகத்தான் இருக்கிறது என்பேன். ஆறுதலுக்காகச் சொல்வதில்லை.

தனக்குத் தெரிந்தது எதிரில் இருப்பவருக்குத் தெரியாது என்பது பிடிபட்டால்தான் பொய்யே வரும். 1983இல் விம்மர், பெர்னர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொன்னார்கள். ஒரு பையன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறார். திரும்பி வந்தவன் எங்கே தேடுவான்? மூன்று வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் சாக்லேட் இப்போது இருக்கும் இடத்தைக் காட்டுவார்கள். நான்கு, ஐந்து வயதில் பதில் மாறும்.

நானும் இரண்டு டப்பா, ஒரு துணிப் பொம்மை, ஒரு ரப்பர் தவளை வைத்து இதைக் கதையாக நடத்துவதுண்டு. சின்ன வகுப்புப் பையன் யோசிக்காமல் புது டப்பாவைத் தொட்டான். கே1 பிள்ளை ஒருத்தி பழைய டப்பாவைக் காட்டிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அவளுக்குத் தெரியாது டீச்சர், அவ வெளிய போயிட்டா" என்றாள். பொம்மைக்குக் கேட்டுவிடக் கூடாதாம்! அடுத்தவர் மனம் வேறு என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. இனி அவளால் பொய்யும் சொல்ல முடியும், அழுகிற தோழியைத் தேற்றவும் முடியும். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்.

அறிவு வந்த வேகத்தில் நியாய உணர்வு வந்துவிடாது. தெரியாமல் 15 கோப்பைகளை உடைத்த பையன், திருட்டுத்தனமாக ஜாம் எடுக்கப்போய் ஒரே கோப்பையை உடைத்த பையன், இவர்களில் யார் தப்பு பெரிது என்று குழந்தை உளவியலாளர் பியாஜே கேட்டார். சின்னப் பிள்ளைகள் பலர் 15 கோப்பை பக்கம்தான் கை நீட்டினார்கள். நோக்கத்தைப் பார்க்கும் பழக்கம் மெல்லத்தான் வருகிறது. அதனால் வகுப்பில் தண்ணீர் கொட்டினால் "யார் செஞ்சது?" என்று நான் கேட்பதில்லை, அது பொய்யை நாமே வரவழைக்கும் கேள்வி. "தெரியாம பட்டுச்சா, வேணும்னு தட்டினதா?" என்பேன். அப்புறம் எல்லோருமாகத் துடைப்போம்.

சரி, தப்பு என்று தெரிந்த பிள்ளையும் ஏன் மறுபடி செய்கிறது? ஆசையைக் கட்டுப்படுத்தும் மூளையின் முன்பகுதி முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகும். ராணுவம், போலீஸ் என்று கட்டாயத் தேசிய சேவைக்குப் போகும் 18 வயதுப் பையனுக்கே அது முடிந்திருக்காது.

உடம்புக்கும் தனிக் கணக்கு உண்டு. பிறக்கும்போது மணிக்கட்டு எலும்புகள் வெறும் குருத்தெலும்பு. அந்த எட்டு எலும்புகளில் கடைசி எலும்பு கெட்டிப்படத் தொடங்கவே பொதுவாக 8 வயதாவது ஆகும். அந்தக் கையில் பென்சிலைத் திணித்து 'ஞ' ஏன் கோணலாக வருகிறது என்று கேட்டால் பிள்ளை என்ன செய்யும்? மாவு பிசையட்டும், கம்பியில் தொங்கட்டும், எழுத்து வரும்.

தொடக்கநிலை 1, 2 வகுப்புகளில் மதிப்பெண் கணக்கில் சேரும் தேர்வுகளை 2019இலேயே எடுத்துவிட்டார்கள். ஆனாலும் பெற்றோர் சந்திப்பில் எத்தனை எழுத்து தெரியும் என்பதே முதல் கேள்வி. யாரோடு விளையாடுகிறான், விட்டுக்கொடுக்கிறானா, அழுதால் எப்படித் தேறுகிறான் என்றும் கேளுங்கள். அதற்கெல்லாம் என்னிடம் நிறைய பதில் இருக்கிறது.