ஒன்றுக்குப் பதினாறு: கேஜ் வீல் மாட்டிய மேசி

எங்கள் டிராக்டரைப் பதினாறில் ஒரு பங்கு அளவில் பொம்மையாகச் செய்துகொண்டிருக்கிறேன். நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு அதன் இரண்டாவது கேஜ் வீலும், அதாவது சேற்றுழவுக்கு மாட்டுகிற இரும்புக் கூண்டுச் சக்கரமும், முடிந்தது. காலையில் இரண்டையும் மாட்டிப் பார்த்தால் ஒரு சக்கரம் வண்டியை முன்னால் இழுக்கிறது, இன்னொன்று பின்னால் இழுக்கிறது. எங்கே தப்பு என்று எனக்கு உடனே தெரியவில்லை, எங்கள் டிரைவர் மாமாதான் கண்டுபிடித்தார். அதைக் கீழே சொல்கிறேன்.

எங்களிடம் இருப்பது ஒரே வண்டி, மேசி பெர்குசன் 1035. அப்பா செகண்ட் ஹேண்டில் வாங்கியது, மூன்று சிலிண்டர் சிம்சன் இன்ஜின். மன்னார்குடிப் பக்கம் நாலைந்து ஊருக்கு வாடகைக்கு ஓடுகிறது. குறுவைக்கும் சம்பாவுக்கும் சேற்றுழவு, கோடையில் ஒன்பது கொத்துக் கலப்பை போட்டுப் புழுதி உழவு, அறுவடை சமயத்தில் டிரெய்லரில் கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை. வாடகை மணிக் கணக்கு. பணம் என்னவோ முக்கால்வாசிப் பேரிடம் "அறுத்ததும் தர்றேன் தம்பி" கணக்குதான். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் எல்லோருக்கும் ஒரே நாளில் வண்டி வேண்டும், அந்தப் பத்து நாளில் எனக்குத் தூக்கமும் கிடையாது நல்ல பேரும் கிடையாது. மற்ற மாதங்களில் மாலை நேரம் சும்மாதான் போகும், அதில் பிடித்த பைத்தியம் இது.

சின்ன டிராக்டர்கள் என்னிடம் ஏழு இருக்கின்றன. முதல் இரண்டும் திருவாரூர் தேர்க்கடையில் வாங்கிய பிளாஸ்டிக். மூன்று, சித்தப்பா மகன் சிங்கப்பூரிலிருந்து வரும்போது ஒவ்வொரு முறையும் ஒன்று என்று கொண்டுவந்த 1:32 அளவு பிரிட்டன்ஸ் கம்பெனி பொம்மை. ஒன்று, இரண்டு வருட வாடகைக் காசில் ஒதுக்கி வாங்கிய யுனிவர்சல் ஹாபீஸ் தயாரிப்பு, சாம்பல் நிற பெர்குசன் டிஇ20, 1:16 அளவு, கையில் எடுத்தாலே கனமாக இருக்கும். ஏழாவதுதான் இப்போது நான் செய்துகொண்டிருப்பது. ஏன் செய்ய வேண்டும் என்றால், எங்கள் வண்டி எந்தக் கடையிலும் இல்லை. சிவப்பு மேசி கிடைக்கும், பெரிய பெரிய ஃபோர் வீல் டிரைவ் ஜான் டீர் கிடைக்கும், முன்னால் வைக்கோல் உருளை தூக்குகிற லோடர் மாட்டியது கிடைக்கும். அதெல்லாம் ஐரோப்பாக்காரன் வயல், அமெரிக்காக்காரன் வயல். தொடை வரைக்கும் சேறு அப்பிக்கொண்டு, பின் டயருக்கு வெளியே இரும்புக் கூண்டு மாட்டிக்கொண்டு, ஒன்றரை மா தாக்குக்குள், அதாவது சின்ன வயலுக்குள், திரும்ப முடியாமல் திரும்புகிற வண்டியை யாரும் வார்த்து விற்கவில்லை. நான் தேடினவரை கேஜ் வீல் வைத்த ஒரு பொம்மைகூட என் கண்ணில் படவில்லை.

அளவு எடுக்கும் கதை. 1:32 என்றால் நிஜத்தில் ஒரு மீட்டர் பொம்மையில் மூன்று சென்டிமீட்டர் சொச்சம், கைக்குள் அடங்கிவிடும், ஆனால் கேஜ் வீலில் ஆங்கிள் (குறுக்கே வருகிற எல் வடிவப் பட்டை) வைத்து ஒட்ட என் விரலுக்கு அது ஆகாது. அதனால் 1:16. அமெரிக்காவில் விவசாயப் பொம்மைக்கு இதுதான் பழகிப்போன அளவு. அங்கே எர்ட்டில் கம்பெனியை ஆரம்பித்த ஃபிரெட் எர்ட்டில் 1945ல் அயோவாவில் தன் வீட்டு உலையில் அலுமினியம் உருக்கித்தான் முதல் டிராக்டர் பொம்மைகளை வார்த்தார். அதைப் படித்ததும் எனக்கும் ஒரு வேகம் வந்தது உண்மை. எங்கள் வீட்டு அடுப்பில் அலுமினியம் உருக்கப் போகிறேன் என்று சொன்னதற்கு அம்மா பார்த்த பார்வையில் அந்த வேகம் அடங்கிவிட்டது. சன்போர்டுக்கு, அதாவது விளம்பரப் பலகை செய்கிற பிளாஸ்டிக் நுரை அட்டைக்கு, மாறினேன். ஃபிளெக்ஸ் கடையில் வெட்டிப்போட்ட துண்டுகள் சும்மாவே கிடைக்கின்றன, பேனாக் கத்தியால் வெட்டலாம், ஃபெவிக்விக் ஒரு சொட்டில் பிடித்துக்கொள்ளும்.

டேப் வைத்து அளந்ததில் பின் டயர், 12.4-28 என்று போட்டிருப்பது, நின்ற உயரம் 126 சென்டிமீட்டர். பதினாறால் வகுத்தால் 7.9. முன் டயர் 73 சொச்சம், அது 4.6. நம் ஊரில் டயர் செய்ய யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, செருப்பு வண்டி ஓட்டாத பையன் உண்டா. பழைய ஹவாய் செருப்பை வட்டம் வட்டமாக வெட்டி மூன்று அடுக்கு ஒட்டி, நடுவில் பி.வி.சி குழாய் வளையத்தை ரிம்மாக வைத்தேன். பட்டன் என்று நாங்கள் சொல்கிற அந்தச் சாய்ந்த மேடுகளை சைக்கிள் டியூபிலிருந்து வெட்டி ஒவ்வொன்றாக ஒட்ட நாலு சாயங்காலம் ஆனது. வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்தால் அந்த வி வடிவத்தின் முனை மேலே பார்க்க வேண்டும், அப்போதுதான் தரையில் முனை முதலில் இறங்கும், சேறு இரண்டு பக்கமும் வழிந்து வெளியே போகும். இதைச் சரியாகவே செய்துவிட்டேன். அந்தத் திமிரில்தான் கேஜ் வீலில் மாட்டிக்கொண்டேன் போல.

பானெட் வளைவுக்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். சன்போர்டைப் பூரிக்கட்டை மேல் வைத்துக் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் துணி மாதிரி படிந்துவிடும், ஆறினதும் அப்படியே நிற்கும். முதல் துண்டு அதிகமாக வெந்து சுருங்கிப்போனது, இரண்டாவது சரியாக வந்தது, பூரிக்கட்டையில் வெள்ளைக் கறை ஒட்டியிருப்பது இன்னும் வெளியே தெரியவில்லை.

அப்புறம் பின்பக்கத் தூக்கி. கலப்பையை மூன்று இடத்தில் பிடிக்கிற அந்த அமைப்பு, கீழே இரண்டு கை, மேலே ஒரு டாப் லிங்க். இது வட அயர்லாந்துக்காரர் ஹாரி பெர்குசன் கொண்டுவந்தது, என் அலமாரியில் இருக்கிற சாம்பல் பெர்குசனிலும் அதேதான், எங்கள் 1035லும் அதேதான். 1946லிருந்து 1956 வரை இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் அந்த டிஇ20 ஐந்து லட்சத்துக்கும் மேலே செய்தார்கள். 1953ல் பெர்குசன் கம்பெனி மேசி-ஹாரிஸோடு சேர்ந்தது, 1958ல் பெயர் மேசி பெர்குசன் ஆனது, 1960ல் சென்னையில், மேசி டிராக்டரை இங்கே செய்கிற டாஃபே கம்பெனி ஆரம்பமானது, அந்த வழியில்தான் இந்தச் சிவப்பு வண்டி எங்கள் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. பெர்குசனுக்கு முந்தின காலத்தில் கலப்பையைச் சங்கிலி கட்டி இழுத்த மாதிரி இழுத்துக்கொண்டு போனார்கள், கொழு ஒரு கல்லில் மாட்டினால் முன்பக்கம் தூக்கி வண்டி ஓட்டுபவர் மேலேயே மல்லாந்துவிடும். மூன்று புள்ளியில் பிடித்ததும் கலப்பை மண்ணில் மாட்டுகிற விசை டாப் லிங்க் வழியாக வண்டியை முன்னால் தள்ளி முன் சக்கரத்தைத் தரையோடு அழுத்துகிறது. டாப் லிங்க் வந்து சேருகிற இடத்தில் ஒரு தடித்த ஸ்பிரிங் இருக்கும், மண் இறுகினால் அது நசுங்கும், நசுங்கினதும் ஹைட்ராலிக் தானாகக் கலப்பையைக் கொஞ்சம் தூக்கும். என் பொம்மையில் அந்த ஸ்பிரிங் ரீஃபில் பேனாவிலிருந்து எடுத்தது. விரலால் டாப் லிங்கைத் தள்ளினால் உள்ளே போய் வருகிறது. யாருக்கும் தெரியப்போவதில்லை, எனக்குத் தெரியும். கீழ்க்கை பின் நிஜத்தில் 22 மில்லிமீட்டர், பதினாறால் வகுத்தால் ஒன்றரை மில்லிகூட வராது, ஊக்கை நிமிர்த்தி வெட்டிப் போட்டேன்.

வலது காலுக்கு இரண்டு பிரேக் பெடல் தனித்தனியாக வைத்தேன், பெரும்பாலான பொம்மைகளில் ஒரு கட்டியாக இருக்கும். சேற்றில் ஸ்டீயரிங் பாதி வேலைதான் செய்யும், மீதி அந்த ஒற்றைப் பிரேக்கில்தான் திரும்புகிறது.

இனி கேஜ் வீல். எங்களிடம் இருப்பது அரைக் கூண்டு, டயரைக் கழற்றாமல் அதற்கு வெளிப்பக்கம் மாட்டுவது. முழுக் கூண்டு என்றால் டயரையே எடுத்துவிட்டுப் போடுவது, அதோடு தார் ரோட்டில் ஏறினால் ரோடு தாங்காது, டிரெய்லரில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். அரைக் கூண்டு விட்டம் டயரை விடக் கொஞ்சம் குறைவு, எங்களுடையது 115 சென்டிமீட்டர், பொம்மையில் 7.2. ரெண்டு இன்ச் பி.வி.சி குழாயில் ஜி.ஐ கம்பியை இறுக்கிச் சுற்றிக் கையை விட்டால் கம்பி விரிந்து கிட்டத்தட்ட அந்த அளவுக்கு வந்து நிற்கிறது, இது எனக்கு அதிர்ஷ்டம். வளையம் இரண்டு, குறுக்கே ஆங்கிள் பன்னிரண்டு. ஆங்கிளுக்கு எண்ணெய் டின் தகட்டைப் பட்டை பட்டையாக வெட்டி, ஸ்கேல் விளிம்பில் வைத்து எல் மாதிரி மடித்தேன். ஒரு பிளைவுட் துண்டில் காம்பஸால் வட்டம் போட்டு, அதே ஆரத்தால் ஆறு வெட்டு, ஒவ்வொன்றையும் பாதியாக்கிப் பன்னிரண்டு, ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு சின்ன ஆணி. அதுதான் அச்சு. ஆணிக்கு அண்டை கொடுத்து ஆங்கிளை நிறுத்தி ஈயம் வைக்க வேண்டியது.

சொல்லும்போது சுலபம். என்னிடம் இருந்த 25 வாட் சால்டரிங் அயர்னுக்கு இந்தக் கம்பி சூடே ஏறவில்லை, ஈயம் மணி மணியாக உருண்டு கீழே விழுந்தது. 60 வாட் வாங்கினேன். இப்போது சூடு அதிகம், நாலாவது ஆங்கிளை வைக்கும்போது மூன்றாவது கழன்று சாய்கிறது, மூன்றாவதை நிமிர்த்தினால் இரண்டாவது. இப்படி ஒரு ராத்திரி முழுக்க எட்டைத் தாண்டவே முடியவில்லை. மறுநாள் டிரெய்லர் கொக்கி உடைந்ததென்று வெல்டிங் பட்டறைக்குப் போனபோது சும்மா கேட்டுப் பார்த்தேன், பட்டறை அண்ணன் சிரித்துவிட்டு, "பக்கத்து ஜாயிண்ட்டுல ஈரத்துணியைச் சுத்திட்டு வை தம்பி, சூடு அந்தப் பக்கம் போவாது" என்றார். அவ்வளவுதான். துணியை நனைத்து, துணி காயக் கிளிப்பைப் போட்டுப் பிடித்து வைத்தேன், அன்றைக்கே பன்னிரண்டும் நின்றது. ஜி.ஐ கம்பியைக் கொஞ்சம் உப்புத்தாளில் தேய்த்துவிட்டுப் பேஸ்ட் தடவ வேண்டும், இல்லாவிட்டால் ஈயம் ஒட்டின மாதிரி இருந்து தட்டினால் உதிரும்.

முதல் சக்கரம் அழகாக வந்ததால் அதே அச்சில் அதே மாதிரி இரண்டாவதையும் செய்தேன். அதுதான் தப்பு. காலையில் டிரைவர் மாமா டீ குடிக்க வந்தவர், மேஜை மேலே இருந்ததைக் கையில் எடுத்து ஒரு சுற்றுச் சுற்றினார், இன்னொரு பக்கம் சுற்றினார். "மாப்ள, ரெண்டும் வலது சக்கரமால்ல இருக்கு?" என்றார்.

அரைக் கூண்டுக்கு உள்பக்கம் வெளிப்பக்கம் உண்டு, ரிம்மோடு போல்ட் போடுகிற தகடு உள்பக்கம் இருக்கும், அதனால் திருப்பிப் போட முடியாது. ஆங்கிளின் பட்டை முகம் சேற்றைப் பின்னால் தள்ளுகிற பக்கம் பார்க்க வேண்டும். இடது, வலது என்றால் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி எதிரெதிராகச் செய்திருக்க வேண்டும், நான் அச்சு ஒன்றுதானே என்று ஒரே கால் செருப்பு இரண்டு மாதிரி செய்துவிட்டேன். இதில் கேவலம் என்னவென்றால் நிஜத்திலேயே இது ஒரு தடவை நடந்திருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் குறுவை அவசரத்தில், விடியற்காலை இருட்டில், புதிதாக வந்த பையன் ஒருவன் இடதை வலதிலும் வலதை இடதிலும் மாட்டிவிட்டான். வயலில் இறங்கி இரண்டு நடை கூடப் போகவில்லை, ஆங்கிள் கடிக்காமல் வழுக்கி, சேற்றை அள்ளி அள்ளி மேலே தூக்கி, நின்ற இடத்திலேயே பள்ளம் தோண்டி அச்சு வரைக்கும் உட்கார்ந்துவிட்டது. பக்கத்து ஊர் வண்டியைக் கூப்பிட்டு இழுக்க மத்தியானம் ஆனது, அந்த ஆள் வாடகை வாங்கவில்லை, ஆனால் டீக்கடையில் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அன்றைக்கு அந்தப் பையனை நான் பேசின பேச்சு எல்லாம் காலையில் ஞாபகம் வந்தது. மாமாவுக்கும் வந்திருக்கும், டீயை முடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார்.

சேறு பூசுகிற வேலையைப் பழைய பிளாஸ்டிக் வண்டியில் ஒத்திகை பார்த்தேன். பெயின்ட் வேண்டாம், எங்கள் வயல் மண்ணையே பூசுவது என்பதில் நான் பிடிவாதம். காயவைத்து இடித்து வேட்டித் துணியில் சலித்து ஃபெவிக்காலோடு குழைத்துப் பூசினேன். நம் களிமண் காய்ந்தால் என்ன ஆகும் என்று எனக்கே தெரிந்திருக்க வேண்டும், மறுநாள் சித்திரை மாத வயல் மாதிரி பாளம் பாளமாக வெடித்து உரிந்துவிட்டது. அடுத்த முறை பாதிக்குப் பாதி உமிச்சாம்பல் கலந்தேன், வெடிப்பு நின்றது. ஆனால் காய்ந்த சேறு வெளுத்து இருக்கிறது, எனக்கு வேண்டியது வண்டி வயலை விட்டு ஏறின நிமிஷத்து ஈரச் சேறு. மர வார்னிஷை மெல்லிசாக ஒரு பூச்சு கொடுத்ததும் நிறம் கறுத்துப் பளபளப்பு வந்தது. மட்காட்டின் அடியில் தடிப்பாக, மேலே தெறிப்பு மட்டும், அதற்குப் பழைய டூத் பிரஷை நனைத்து விரலால் சுண்டினால் போதும். இருக்கை மேலே சேறு படக்கூடாது, ஓட்டுகிறவர் உட்கார்ந்திருக்கிற இடம் அது. இந்த ஒன்றை நினைத்து நினைத்து எனக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

சிவப்பு நிறம் இன்னும் சரியாக அமையவில்லை. டப்பாவில் வருகிற சிவப்பு ஷோரூம் வண்டிச் சிவப்பு, எங்கள் வண்டி பானெட் வெயிலில் வெளுத்து செங்கல் பக்கம் போய்விட்டது. கொஞ்சம் வெள்ளை, ஒரு துளி காவி கலந்து ஆறு சாம்பிள் அட்டையில் தடவி நிஜ பானெட் மேலேயே வைத்துப் பார்த்தேன், நாலாவது கிட்டத்தட்ட வருகிறது. வெயிலில் சரியாக இருப்பது டியூப் லைட்டில் வேறாகத் தெரிகிறது, இதற்கு என்ன செய்ய.

இப்போதைக்கு நிலவரம்: அச்சில் ஆணிகளை அப்படியே வைத்துக்கொண்டு, ஆங்கிளின் முகத்தை மட்டும் எதிர்ப்பக்கம் திருப்பி இடது சக்கரத்தை மறுபடி ஆரம்பித்திருக்கிறேன். தப்பாக வந்த உபரி வலதை நிஜ வண்டியின் சாவியில் மாட்டிவிட்டேன், சாவி தொலையாது. மேட்டூரில் தண்ணீர் இருந்தால் ஜூன் 12 திறப்பு, எங்கள் வாய்மடைக்கு வந்து சேரக் கொஞ்ச நாள் ஆகும், அதற்கு முன்னால் நிஜக் கூண்டில் பிளந்த இரண்டு ஆங்கிளையும் வெல்டு வைக்க வேண்டும். மேலத்தெருவிலிருந்து "தம்பி, முதல் நாள் எனக்குத்தான்" என்று இதற்குள் மூன்று பேர் போன் பண்ணிவிட்டார்கள். பொம்மைக்கு இன்னும் ஏழு ஆங்கிள் பாக்கி.