மீட்டர் 12 வோல்ட் காட்டியது, ஃபேன் சுற்றவில்லை

2024 மே, கத்திரி வெயில். அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தோம். மேடவாக்கம் சிக்னலுக்கு முன்னால் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தபோது, "என்னங்க, அந்த முள்ளு மேல போகுது பாருங்க" என்றாள் மனைவி. எப்போதும் பாதியில் நிற்கிற டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டை நெருங்கியிருந்தது.

ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ப்ளோயரைக் கூட்டினேன். "என்னடா, இந்த வெயில்ல ஹீட்டரா?" என்றார் அம்மா. எஞ்சின் சூட்டைக் கொஞ்சமாவது வெளியே இழுக்க அப்போதைக்கு அது ஒன்றுதான் வழி. ஓரங்கட்டி பானெட்டைத் தூக்கினால், ரேடியேட்டர் ஃபேன் அசையாமல் நிற்கிறது. மூடியை நான் தொடவில்லை. கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறந்தால் கூலன்ட் முகத்தில்தான் அடிக்கும். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள்.

நன்றாக ஆறவிட்டுக் கிளம்பினோம். நாற்பதில் ஓடினால் முள் இறங்குகிறது, நின்றால் ஏறுகிறது. ஓடும்போது காற்று தானாகவே ரேடியேட்டருக்குள் புகுந்துவிடும். நிற்கும்போதுதான் ஃபேன் வேண்டும். நெடுஞ்சாலை வேகத்திலும் சூடேறினால் கூலன்ட், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் அடைப்பு என்று தேட வேண்டியிருந்திருக்கும். என் வண்டி அந்த ரகம் இல்லை.

இன்னொரு அறிகுறியையும் நான் கவனித்திருக்க வேண்டும். இரண்டு மூன்று வாரமாகவே சிக்னலில் நின்றால் ஏசி காற்று வெதுவெதுப்பாக வந்தது. கேஸ் குறைந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். என் வண்டியில் ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் சேர்த்து ஒரே ஃபேன்தான்.

பக்கத்து மெக்கானிக் ஃபேன் சாக்கெட்டைக் கழற்றி மீட்டர் வைத்தார். 12.4 வோல்ட். "கரண்ட் வருது சார், மோட்டார் போயிடுச்சு. 4,500 ஆகும்" என்றார். கரண்ட் வந்தும் சுற்றாவிட்டால் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அவர் மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேராக லைன் கொடுத்துப் பார்க்கவில்லை. அது எனக்கு உறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை காலை நானே உட்கார்ந்தேன். ஃபியூஸ் நன்றாக இருந்தது. ஃபேனுக்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்சான ரிலேவை ஹார்ன் ரிலேயோடு மாற்றிப் போட்டேன் (இரண்டிலும் ஒரே நம்பர்), பயனில்லை. பிறகு இரண்டு தடிமனான வயரை பேட்டரியிலிருந்து மோட்டாருக்கே நேராகக் கொடுத்தேன். ஒரு பொறி, அடுத்த நொடி ஃபேன் உறுமிக்கொண்டு சுற்றியது! மோட்டாரில் குற்றமே இல்லை.

அப்படியானால் அந்த 12.4 வோல்ட்? மீட்டர் இழுக்கும் கரண்ட் ஒன்றுமில்லாத அளவு. துரு ஏறிய இணைப்பு வழியாகவும் அதற்குத் தேவையானது வந்துவிடும். ஃபேனுக்குப் பத்து ஆம்பியராவது வேண்டும். அந்தத் துருவைத் தாண்டி அவ்வளவு வராது. அதனால் பழைய 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றில் இரண்டு வயர் வைத்து, எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போட்டு, ஃபேன் சாக்கெட்டில் மாட்டினேன். ஊதுவத்தி நுனி போலச் சிவப்பாகக் கனன்றது, அவ்வளவுதான். எர்த் வயரை (கரண்ட் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் வயர்) மட்டும் சாக்கெட்டிலிருந்து எடுத்து பேட்டரி நெகட்டிவில் வைத்தேன். கண் கூசியது. ப்ளஸ் லைன் சரி, எர்த்தில்தான் கோளாறு.

அந்தக் கறுப்பு வயரைப் பிடித்துக்கொண்டே போனால், இடது ஹெட்லைட்டுக்குக் கீழே பாடியில் ஒரு போல்ட்டில் முடிகிறது. பத்தாம் நம்பர் ஸ்பேனரால் கழற்றினேன். வயர் நுனியில் இருந்த வளையத்தின் அடியில் செம்பு பச்சை பூத்து மாவாக உதிர்ந்தது. பாடித் தகட்டில் செந்துரு. பார்த்ததும் புரிந்துவிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரித் தெருவில் இந்த வண்டி ஹெட்லைட் உயரத் தண்ணீரில் நின்றது. அப்போது சீட்டையும் கார்ப்பெட்டையும் காயவைத்தேன், எண்ணெய் மாற்றினேன். இந்த போல்ட் இருப்பதே எனக்குத் தெரியாது.

உப்புத்தாள் போட்டுத் தகடு வெள்ளியாகப் பளபளக்கும்வரை தேய்த்தேன். வளையத்தை வெட்டிவிட்டுப் புதிது வைத்து வயரோடு நசுக்கிப் பிடிக்கவைத்து (க்ரிம்ப்), போல்ட்டை இறுக்கி, மேலே க்ரீஸ் பூசினேன். ஃபேன் ஓடும்போது அந்த போல்ட்டுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையில் மீட்டர் வைத்தால் 0.08 வோல்ட். அரை வோல்ட்டைத் தாண்டினால் இன்னும் எங்கோ துரு இருக்கிறது என்று அர்த்தம். செலவு, ஒரு வளையமும் ஓர் உப்புத்தாளும்.

வலது ஹெட்லைட்டுக்குக் கீழே இருந்த எர்த்தையும் கழற்றிப் பார்த்தேன். அதிலும் பச்சை பூக்க ஆரம்பித்திருந்தது. அந்த டிசம்பரில் உங்கள் வண்டியும் தண்ணீரில் நின்றிருந்தால், இந்த இரண்டு போல்ட்டையும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள்.