முற்றம் வைத்த வீட்டை ஐந்து மாதம் பூட்டிவைப்பது

கும்பகோணத்துக்குத் தெற்கே அரசலாற்றங்கரை ஊர் ஒன்றில் இருக்கிறது எங்கள் பூர்வீக வீடு. தை பிறந்ததும் அங்கே வந்து தங்கி, ஆடிப்பெருக்கு முடிந்த மறுவாரம் பூட்டிக்கொண்டு பெங்களூரில் இருக்கும் மகன் வீட்டுக்குப் புறப்படுவது நான் பணி ஓய்வு பெற்றதிலிருந்து எங்கள் வழக்கம். ஆவணி முதல் மார்கழி வரை ஐந்து மாதம் வீடு ஆளில்லாமல் கிடக்கும். வடகிழக்குப் பருவமழை முழுவதும் அந்த ஐந்து மாதத்துக்குள் வந்துவிடுகிறது. முதல் வருடம் இதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

2019ஆம் ஆண்டு முதன்முறையாகப் பூட்டியபோது, திருடன், பாம்பு, எலி ஆகிய மூன்றை மட்டுமே மனத்தில் வைத்து, காற்றுக்கூட நுழைய முடியாதபடி வீட்டை அடைத்தேன். ஜன்னல்களை எல்லாம் தாழிட்டேன். முற்றத்தின் மேல் தார்ப்பாய் இழுத்துக் கட்டினேன். முற்றத்துத் தண்ணீர் கொல்லைக்குப் போகும் ஜலதாரையில், பாம்பு வந்துவிடக் கூடாதே என்று, சாக்குத் துணியைச் சுருட்டி என் கையாலேயே திணித்தேன். நல்ல வேலை செய்துவிட்ட நிறைவோடு பஸ் ஏறினேன்.

தையில் வந்து கதவைத் திறந்தபோது முதலில் வந்தது வாசனை. ஐப்பசி மழையில் தார்ப்பாய் தண்ணீர் கட்டித் தொங்கி, ஒருநாள் கிழிந்திருக்கிறது. விழுந்த தண்ணீருக்குப் போக வழியில்லாததால் முற்றம் நிரம்பி, தாழ்வாரம் ஏறி, கூடம் வரை வந்து நின்று வற்றியிருக்கிறது. சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம் காத்திருந்தது. அந்த ஈரத்தைப் பிடித்துக்கொண்டு கரையான் நிலைக்கதவின் ஓரமாகக் கைவிரல் கனத்தில் மண்கோடு இழுத்து மேலே ஏறியிருந்தது. மர அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருந்த தாத்தாவின் குத்தகைக் கணக்கு நோட்டுகள் ஒரே கட்டியாகிவிட்டன. பிரிக்க முயன்றபோது நீல மை மட்டும் விரலில் ஒட்டியது. ஜலதாரையில் கையை விட்டு நான் வெளியே இழுத்தது, நானே திணித்த அந்தச் சாக்கைத்தான். யாரையும் குறை சொல்ல வழியில்லாமல் போனது.

அதன் பிறகு பூட்டும் முறையையே மாற்றிக்கொண்டோம். முற்றத்துக்குத் தார்ப்பாய் கிடையாது. இரும்புக் கம்பி அழி மட்டும் போட்டோம். மழை விழுந்தால் விழட்டும், விழுந்தது உடனே வெளியேற வேண்டும் என்பதுதான் கணக்கு. ஜலதாரையின் வாயில் தட்டையான சல்லடை வைத்தால் நான்கு வேப்பிலை விழுந்தாலே அடைத்துக்கொள்கிறது. ஆகவே கொல்லரிடம் சொல்லி, கவிழ்த்த கூடை வடிவத்தில் கம்பி வலை ஒன்று செய்து பொருத்தினோம். சருகு அடியில் சுற்றித் தேங்கினாலும் தண்ணீர் மேல் கண்கள் வழியாக இறங்கிவிடும். ஜலதாரையின் கொல்லைப்பக்க முனையில் மேலே கீல் வைத்த ஒரு தகரத் துண்டு தொங்குகிறது. தண்ணீர் தள்ளினால் திறக்கும், இல்லாவிட்டால் மூடியிருக்கும். சாக்கு செய்ய வேண்டிய வேலையை இப்போது அது செய்கிறது.

அடுத்தது கூரை. நாட்டு ஓட்டைக் குரங்கு புரட்டிப் போடாத வருடமே எங்கள் பக்கத்தில் இல்லை. ஓடு மாற்றத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். ஆவணியில் தேடினால் கிடைக்கமாட்டார்கள். அதனால் ஆனி மாதமே சொல்லிவைத்து, உடைந்த ஓடுகளை மாற்றி, இரண்டு சரிவுகள் சேரும் கூடல்வாயில் தேங்கும் சருகை வழித்தெடுக்கச் செய்கிறேன். ஒழுகுவது பெரும்பாலும் அந்தக் கூடல்வாயில்தான். தென்னை மரங்களில் காய்ந்த மட்டையையும் முற்றிய காய்களையும் இறக்கிவிடுவோம். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கஜா புயல் கரை கடந்தபோது பட்டுக்கோட்டையில் எங்கள் உறவினர் வீட்டு ஓட்டின் மேல் ஒரு தென்னை சாய்ந்ததைப் போய்ப் பார்த்தவன் நான். கொல்லையில் கூரைப்பக்கம் சாய்ந்திருந்த ஒரு மரத்தை மனைவியின் வருத்தத்தையும் மீறி வெட்டினேன்.

உள்ளே, அறைக் கதவுகளைச் சாத்துவதில்லை; அம்மிக் குழவி, செங்கல் என்று கிடைத்ததை அண்டைகொடுத்துப் பாதி திறந்து வைக்கிறோம். மேல் சாளரங்களில் கொசுவலைக் கம்பி அடித்துத் திறந்தே விட்டிருக்கிறோம். மெத்தை, தலையணைகளைச் சுருட்டி ஊஞ்சல் பலகையில் ஏற்றிவிடுவோம், தரையின் ஓதம் அங்கே எட்டாது. மீதமிருக்கும் அரிசியைக் கொடுத்துவிடுவது நல்லது. வசம்பும் நொச்சியிலையும் போட்டு வைத்துப் பார்த்தோம், ஐந்து மாதத்துக்குத் தாங்கவில்லை. குளிர்சாதனப் பெட்டியைத் துடைத்து, கதவு மூடிக்கொள்ளாமல் ஒரு துணியை மடித்து இடையில் வைக்கவேண்டும். சிலிண்டரில் ரெகுலேட்டரைக் கழற்றி மூடி போடவேண்டும். கழிப்பறைக் கோப்பையில் நிற்கும் தண்ணீர் வற்றினால் தொட்டியின் நாற்றமும் கரப்பான்களும் மேலே வந்துவிடும். கடைசியாக ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, அதன் மேல் அரைக் கரண்டி எண்ணெய் விட்டால் வற்றுவது மட்டுப்படுகிறது.

மின்சாரத்தில் எனக்குக் கொஞ்சம் தடுமாற்றம் இருந்தது. மெயினை இறக்கிவிட்டுப் போனால் நிம்மதி என்றாலும், ஆழ்துளைக் கிணற்று மோட்டார் மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்தால் இறுகிவிடுகிறது; இன்வெர்ட்டர் பேட்டரியோ சார்ஜ் இறங்கிச் செத்துவிடுகிறது. பேட்டரி ஒன்றை அப்படி இழந்த பிறகு, இவை இரண்டுக்கும் தனி சுவிட்சு வைத்து, மற்ற எல்லாவற்றையும் துண்டித்துவிடும்படி வயரிங்கை மாற்றினோம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்கட்டணத்தை பெங்களூரிலிருந்தே செலுத்திவிடலாம்.

சாவி எதிர்வீட்டு அக்காவிடம் இருக்கிறது. முதலில் உதவியாகத்தான் கேட்டிருந்தோம். அடிக்கடி நினைவூட்ட எங்களுக்கும் சங்கடம், மறந்துபோனால் அவருக்கும் சங்கடம். இப்போது மாதச் சம்பளம் பேசி முன்கூட்டியே கொடுத்துவிடுகிறோம். மாதம் பதினைந்தாம் தேதி திறந்து பாருங்கள் என்று நான் சொன்னபோது அவர், "தேதியெல்லாம் எனக்கு நெனப்பு இருக்காது தம்பி. அமாவாசைன்னு சொல்லுங்க, மறக்கமாட்டேன்" என்றார். அமாவாசைதோறும் வீட்டைத் திறந்து, மோட்டாரைப் பத்து நிமிடம் ஓட்டி, காலையிலிருந்து மாலைவரை இன்வெர்ட்டரைப் போட்டுவைத்து, முற்றத்துச் சருகை அள்ளுவது அவர் பொறுப்பு. பெருமழை பெய்த மறுநாளும் ஒருமுறை எட்டிப் பார்ப்பார். காவல் நிலையத்தில் வீடு பூட்டியிருக்கும் விவரத்தை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போகிறோம் என்றாலும், என்னைக் கேட்டால், தினமும் அவர் எங்கள் வாசலைத் தெளித்துப் போடும் நாலு இழைக் கோலம்தான் பெரிய காவல். கோலமில்லாத வாசலைப் பார்த்துத்தான் ஆளில்லாத வீட்டைத் தெருவே தெரிந்துகொள்கிறது.

போன தையில் திறந்தபோது கம்பி வலையைச் சுற்றி இரண்டு கை சருகு, குளியலறை வாளியில் ஒரு தவளை. அடிபம்பின் தோல் வாசர் காய்ந்து சுருங்கியிருந்தது; இரண்டு சொம்புத் தண்ணீர் ஊற்றிச் சிறிது நேரம் ஊறவிட்ட பிறகே தண்ணீர் ஏறியது. கூடல்வாய்க்கு நேர் கீழே, கூடத்துத் தரையில், தாம்பாளம் அளவுக்கு ஈரக் கறை மட்டும் இருந்தது. கூடல்வாய்த் தகரம் துருப்பிடித்து ஊசித் துளைகள் விழுந்திருக்கின்றன. இந்த ஆனியில் அதை எடுத்துவிட்டு அலுமினியத் தகடு போடச் சொல்லியிருக்கிறேன்.