சீ-பெப்டைட் பார்த்த கதை

மெலிந்தவனுக்குச் சீனி வருத்தம் வராது என்று எங்கள் பரந்தன் பக்கத்தில் இன்னும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு நாற்பது தாண்டியபின் வந்தது. அப்போது நான் 52 கிலோ. வெறும் வயிற்றில் 126 தொட்டாலே நீரிழிவுக் கணக்கு, எனக்கு 230. மெட்ஃபோர்மின் குளிசை தந்தார்கள், பிறகு கிளிக்ளசைட் குளிசையும் சேர்த்தார்கள். கொஞ்சக் காலம் நன்றாகத்தான் கேட்டது. அப்புறம் எதற்கும் மசியவில்லை.

ஒவ்வொரு கிளினிக்கிலும் அதே கேள்வி: "சோறு குறைக்கேல்லையோ ஐயா?" வீட்டில் குத்தரிசிச் சோற்றை அகப்பைக் கணக்கில்தான் போடுகிறார்கள். தேத்தண்ணிக்குச் சீனி நிறுத்திப் பல காலம். இன்னும் எதைக் குறைப்பது? உடம்புதான் குறைந்துகொண்டு போனது.

புதிதாக மாற்றலாகி வந்த டொக்டர் ஒருவர் கிளினிக் கொப்பியை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். நிறை எழுதியிருந்த இடங்களில் மட்டும் பேனையை வைத்து வைத்து வந்தார். "உங்கட உடம்பு இன்சுலின் சுரக்குதோ எண்டு ஒருக்காப் பாப்பம்" என்றார். அங்கே அந்தச் சோதனை இல்லை. வெளியில் செய்யச் சொல்லித் துண்டு எழுதித் தந்தார்: சொந்தச் சுரப்பைக் காட்டும் சீ-பெப்டைட், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தைத் தாக்குகிறதோ என்று பார்க்கும் காட் அன்ரிபொடி. இரண்டும் சேர்த்துக் கையைக் கடிக்கிற செலவுதான்.

இன்சுலினையே நேராக அளக்கலாமே என்று கேட்டேன். பொறுமையாக விளக்கினார். கணையம் முதலில் செய்வது புரோஇன்சுலின். அது வெட்டுப்படும்போது இன்சுலினும் சீ-பெப்டைட்டும் சம அளவில் வெளிவரும். இன்சுலினில் பாதியளவை ஈரல் முதல் சுற்றிலேயே எடுத்துவிடும். மிச்சமும் சில நிமிடங்களில் போய்விடும். சீ-பெப்டைட்டை ஈரல் பெரிதாகத் தொடாது, இரத்தத்தில் கூடுதல் நேரம் நிற்கும். ஊசியில் போடும் இன்சுலினில் அது கிடையாது என்பதால், ஊசி போடுகிறவருக்கும் சொந்தச் சுரப்பு எவ்வளவென்று பார்க்கலாம். வழமையான இரண்டாம் வகை நீரிழிவில், தொடக்கத்திலாவது, குளத்தில் தண்ணி நிற்கும், வாய்க்கால்தான் அடைபட்டிருக்கும். எனக்குக் குளமே வற்றுகிறதோ என்று அவருக்குச் சந்தேகம்.

கிளிநொச்சி டவுனில் ஒரு லாப்பில் விடியவே போய் வெறும் வயிற்றோடு இரத்தம் கொடுத்தேன். சீனியையும் அதே நேரம் பார்க்கவேண்டும் என்று டொக்டர் அடித்துச் சொல்லியிருந்தார். சீனி இறங்கியிருக்கும் நேரத்தில் கணையம் தானாகவே சுரப்பைக் குறைக்கும். அந்த நேரத்துக் குறைந்த எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சிறுநீரகம் பழுதென்றால் மறுவளமாக, சீ-பெப்டைட் வெளியேறாமல் கூட்டிக் காட்டும். அதனால் கிரியற்றினினும் பார்த்தார்கள். "அண்ணை, இன்சுலின் போடுறனீங்களோ?" என்று கேட்டுக் குறித்துக்கொண்ட தங்கச்சி, இரத்தத்தைச் சுற்றவிட்டு, மேலே தெளிந்த மஞ்சள் நீரை மட்டும் சின்னக் குப்பிக்கு மாற்றி ஐஸ் பெட்டிக்குள் வைத்தார். அது கொழும்புக்குப் போகவேண்டுமாம்.

முடிவு வந்தது: மில்லிலீற்றருக்கு 0.5 நனோகிராம். அதே இரத்தத்தில் சீனி 218. சீனி அவ்வளவு ஏறி நிற்கையில் 0.6க்குக் கீழே என்றால் சொந்தச் சுரப்பு மிகக் குறைவு. காட் அன்ரிபொடியும் பொசிற்றிவ். லாடா என்றார் டொக்டர்: உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தின் பீற்றா கலங்களை அழிக்கும் முதலாம் வகைதான், வளர்ந்தவர்களில் மெதுவாக வருவது. முதலில் குளிசைக்குக் கேட்பதால் இரண்டாம் வகை போலவே தெரியும். கிளிக்ளசைட் கணையத்தை உசுப்பிச் சுரக்கவைக்கிற குளிசை. சுரக்க ஆளில்லாத இடத்தில் அது என்ன செய்யும்? அன்றோடு நிறுத்தினார்.

இப்போது இரவில் ஒரு இன்சுலின் ஊசி, சாப்பாட்டுக்கு முன் வேறு ஊசி. "ஊசிக்குப் போயிட்டியோ, இனி கடைசிக் கட்டம்தான்" என்று அயலில் சொன்னார்கள். எனக்கோ நிறை திரும்பி ஏறுகிறது. வெட்டுக் காலத்தில் வயலுக்குப் போனால் மத்தியானம் சீனி இறங்கிக் கைநடுக்கமும் வியர்வையும் வரப் பார்க்கும். சேட்டுப் பையில் எந்நேரமும் குளுக்கோஸ் பக்கெற் இருக்கும். திறக்காத இன்சுலின் குப்பிகள் 2 முதல் 8 பாகைக்குள் இருக்கவேண்டும். எங்கள் வெயிலுக்குள் கரண்ட் போனால் ஃபிரிஜ் கதவைத் திறக்க வீட்டில் யாருக்கும் அனுமதியில்லை.

அடுத்த கிளினிக்குக்குத் தைரொயிட் பார்க்கவும் எழுதியிருக்கிறார். இந்த வகைக்காரருக்கு அதுவும் சேர்ந்து வருவதுண்டாம். அதற்கு வெறும் வயிறு வேண்டாமாம், சாப்பிட்டுவிட்டே போகலாம்.