தஞ்சாவூருக்குச் சேர்த்த காசுல பொலன்னறுவை ஈஸ்வரத்துக்குப் போன கதை

அம்மாட அலுமாரிக்க ஒரு பழைய பால்மா டின் இருக்கு. அப்பாட பென்சன் எடுக்கிற நாள்ல எல்லாம் அதுக்க கொஞ்சம் போட்டு வைப்பா, என்னத்துக்கம்மா எண்டு கேட்டா "தஞ்சாவூர்ப் பெரிய கோயிலப் பார்த்துட்டுத்தான் கண் மூடுவன்" எண்டு சொல்லுவா. அதுவும் எத்தினையோ வருசமா. 2022 ல இஞ்ச இலங்கையில டாலர் 200 ரூபாயில இருந்து 360 தாண்டிப் பாய்ஞ்சுதே, அதோட டின்னுக்க இருந்த காசு ஆறு மாசத்துக்க பாதிக் காசாப் போச்சு. பாஸ்போட், விசா, பிளேன் டிக்கெட் எண்டு ஒருநாள் இருந்து கணக்குப் பார்த்தா அஞ்சு பேர் வேணாம், அம்மா ஒராள் போய் வரவே காணாது. அம்மா ஒண்டும் சொல்லல்ல, டின்ன மூடி வைச்சிட்டுப் போய்ப் படுத்திட்டா. எனக்குத்தான் ரெண்டு நாளா மனசு சரியில்ல.

மூத்தவள் அப்ப வரலாறு பாடமாக்கிட்டு இருந்தவள், புத்தகத்துல இருந்து தலைய எடுக்காமலே "அம்மம்மா, தஞ்சாவூர்க் கோயிலக் கட்டின ராசராசன்ட ராணி பேர்ல ஒரு கோயில் பொலன்னறுவையில இருக்காம்" எண்டாள். அம்மா நம்பவே இல்ல. "பொலன்னறுவையா? அங்க புத்தர் சிலையெல்லுவா இருக்கு" எண்டா. சொன்னா வெக்கம், எனக்கும் அதுதான் ஞாபகம். பள்ளிக்கூட டூர்ல ரெண்டு தரம் போயிருக்கன், பாறையில செதுக்கின புத்தர் சிலையள் இருக்கிற கல்விகாரையில நிண்டு போட்டோ எடுத்தது ஞாபகம் இருக்கு, அங்கயே ஒரு சிவன் கோயில் நிக்குது எண்டு ஒராளும் காட்டித் தரல்ல.

அப்பிடித்தான் பிளான் தொடங்கினது. அஞ்சு பேருக்கும் பத்தாயிரத்துக்குள்ள, ஒரு நாள்ல போய் வாறது, ரூம் கீம் ஒண்டும் இல்ல. மட்டக்களப்புல இருந்து நூறு கிலோமீற்றர் மட்டில தான் தூரம். இவர் முதல்ல வேன் பிடிப்பம் எண்டார், வேன்காரர் சொன்ன காசக் கேட்டுட்டு தானே "ட்ரெயின்ல போவம்" எண்டுட்டார். அம்மாக்குப் பிரதோசத்துல போகணும் எண்டு ஆசை, ஆனா பிரதோசப் பூசை நேரம் பின்னேரம், அதுக்கு நிண்டா திரும்பி வர இருட்டிரும், புணானைப் பக்கம் ஆனை றோட்டுக்கு வாற நேரம் அது. கடைசியா ஆவணி லீவுல ஒரு திங்கக்கிழமைய எடுத்தம், சோமவாரமும் ஆச்சு. போயா நாளில (பௌர்ணமி) மட்டும் போயிராதீங்க, சனம் தள்ளுப்படும், ட்ரெயின்ல கால் வைக்க இடமிருக்காது. மார்கழி தை மழைக்கயும் வேணாம், மகாவலி பெருகினா மன்னம்பிட்டி, கல்லேல்லப் பக்கம் றோட்டுக்கு மேலால தண்ணி பாயும்.

முதல் நாள் ராவு வீடே சந்தை மாதிரி. கோயிலுக்குப் போறதால மரக்கறிச் சாப்பாடு, எலுமிச்சம்பழச் சோறும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் வாழையிலையில கட்டியாச்சு. வெளியில அஞ்சு பேர் மத்தியானம் சாப்பிட்டா பட்ஜெட் அங்கயே முடிஞ்சிரும். நாலு போத்தல் தண்ணி. அம்மா தன்ட பைய தனியாக் கட்டினா: சிட்டி விளக்கு, திரி, சின்னப் போத்தல்ல நல்லெண்ணெய், திருநீறு, பக்கத்து வீட்டு மாமி பிடுங்கித் தந்த வில்வம், ஒரு சீப்பு வாழைப்பழம், பிறகு ஒரு கட்டு அறுகம்புல்லு. புல்லு என்னத்துக்கு எண்டு கேட்டதுக்கு "நந்திக்கு" எண்டா. கொக்கட்டிச்சோலையில போர்த்துக்கீசர் வந்து நிண்டு உங்கட கல்லு மாடு புல்லுத் தின்னுமா எண்டு கேக்க, தான்தோன்றீஸ்வரர்ட நந்தி எழும்பிப் புல்லுத் தின்ட கதையக் கேட்டு வளர்ந்த சனம் நாங்க, அவவிட்ட நான் என்ன சொல்ல.

விடியக் காலம உதயதேவி. மூண்டாங் கிளாஸ், ஜன்னல் கரையில அம்மாவ இருத்தியாச்சு. (ட்ரெயின் நேரம் அடிக்கடி மாத்திறாங்க, முதல் நாளே ஸ்டேசன்ல கேட்டு வைங்க.) ஏறாவூர் தாண்டி சித்தாண்டிப் பக்கம் போகக்க அம்மா முருகன நினைச்சு கை எடுத்துக் கும்பிட்டா, வாழைச்சேனை தாண்ட வயலும் மறைஞ்சு காடு வந்திட்டு. சின்னவன் ஆனை ஆனை எண்டு கத்திக் கத்தி கடைசியா அவன் கண்டது மூண்டு எருமை மாடு. மன்னம்பிட்டியில மகாவலிக்கு மேலால அந்தப் பழைய இரும்புப் பாலத்துல ட்ரெயின் கடகடவெண்டு மெள்ளப் போகக்க பெட்டிக்க எல்லாரும் ஒருக்காக் கதையை நிப்பாட்டிட்டாங்க. முந்தி வாகனமும் ட்ரெயினும் இதே பாலத்துலதானாம் மாறி மாறிப் போறது, பக்கத்துல புதுப் பாலம் 2007 ல தான் வந்தது எண்டு இவர் பிள்ளையளுக்குச் சொல்லிட்டு வந்தார்.

பொலன்னறுவை ஸ்டேசன் எண்டு பேர்தானே தவிர அது நிக்கிறது கதுருவெலயில, பழைய நகரத்துக்கு இன்னும் நாலு கிலோமீற்றர் போகணும், தெரியாதவங்க இறங்கி முழிப்பாங்க. கதுருவெலயில எங்கட முஸ்லிம் ஆக்கள் நிறைய, கடையில நிண்டு தமிழ்லயே கதைக்கலாம். பிளேன்டி குடிக்கக்க கடைக்காரரே ஓட்டோக்கார முஸ்லிம் அண்ணர் ஒராளக் கூப்பிட்டுத் தந்தார், நாங்க காக்கா எண்டுதான் கூப்பிடுறது. இன்னொராள் கேட்டதுல பாதிதான் காக்கா கேட்டது, பின்னேரம் மட்டும் கூடவே நிண்டு எல்லா இடமும் காட்டுறதுக்கு. அஞ்சு பேர் ஒரு ஓட்டோவுக்க, சின்னவன் என்ட மடியில. அந்த நெருக்குப்பட்ட கதைய விடுங்க.

காக்கா வழமையா முதல்ல மியூசியம், பிறகு மாளிகை எண்டுதான் கொண்டு போறவராம். அம்மா "தம்பி, முதல்ல ஈஸ்வரத்துக்கு விடுங்க, நான் இன்னும் வாயில தண்ணி வைக்கல்ல" எண்டா. அப்பதான் எங்களுக்கே தெரியும் அவ பிளேன்டியும் குடிக்கல்ல எண்டு. காக்கா ஒண்டும் கதைக்காம ஓட்டோவத் திருப்பினார்.

பெரிய றோட்டுல இருந்து விலகி மரங்களுக்கால ஒரு பாதை போகுது. பெயர்ப் பலகையில "சிவ தேவாலய இலக்கம் 2" எண்டு போட்டிருக்கு. ரெண்டாம் நம்பராம்! அங்க இருக்கிறதுலயே பழைய கட்டிடங்கள்ல இது ஒண்டு, ஆனா நம்பர் ரெண்டு. சரி, தொல்லியல்காரர் தோண்டின கணக்குக்கு வைச்ச நம்பரா இருக்கும். மரத்தடி தாண்டி வெளியில வந்தா டக்கெண்டு நிக்குது. பொலன்னறுவையில மத்ததெல்லாம் பெரும்பாலும் செங்கல், காரை உதிர்ந்து சிவப்பாத் தெரியும். இது அடியில இருந்து முடி மட்டும் கல்லு. சின்னக் கோயில்தான், ஆனா விமானம் முழுசா இருக்கு, எட்டுப்பட்டைச் சிகரம், சுவர்ல தூண்மாடம், எல்லாம் அப்பிடியே சோழநாட்டு அமைப்பு. முன்னுக்கு மண்டபம் இருந்த அடையாளம் மட்டும் தெரியுது.

அம்மா செருப்பக் கழட்டிட்டு கொஞ்ச நேரம் அப்பிடியே நிண்டா. பிறகு மூத்தவளிட்ட "பேரச் சொல்லு புள்ள" எண்டா. வானவன்மாதேவி ஈஸ்வரம். ராசராசன்ட ராணியள்ல ஒராள், ராசேந்திரன்ட தாய். கோயில்ட பேர் தெரிய வந்ததும் அங்க இருக்கிற தமிழ்க் கல்வெட்டாலதான், அதிராஜேந்திர சோழன்ட கால எழுத்து. 993 அளவில சோழர் வந்து அநுராதபுரத்தப் பிடிச்சு, தலைநகரத்த இஞ்ச மாத்தி, ஜனநாதமங்கலம் எண்டு பேரும் வைச்சு, 1070 ல முதலாம் விஜயபாகு துரத்துற மட்டும் இருந்தாங்க. மூத்தவள் சோதினைக்குப் பாடமாக்கின மாதிரி ஒப்புவிச்சாள். அம்மா கேட்டது ஒரே கேள்வி. "அப்ப தஞ்சாவூரக் கட்டின ஆக்கள்ட கைதானே இதும்?" ஓம் அம்மா எண்டன். பெரிய கோயில் முடிஞ்சது 1010 எண்டு சொல்றாங்க, இதும் கிட்டத்தட்ட அந்தக் காலத்து வேலைதான்.

உள்ளுக்கு இருட்டு, குளிர்ச்சி. சின்ன லிங்கம். ஆரோ விடியவே வந்து பூ வைச்சிட்டுப் போயிருக்காங்க, வாடாம இருந்துது. ஐயர் இல்ல, மணி இல்ல, திரையும் இல்ல. எங்கட கோயிலுகள்ல மூலஸ்தானத்த எட்டிப் பார்க்கவே கழுத்து நோகும், இஞ்ச அம்மா கிட்டப் போய் நிண்டு தன்ட கையால வில்வத்த வைச்சா. அவட வாழ்க்கையில சிவனுக்குக் கிட்ட அவ்வளவு போனது அதுதான் முதல் தரம், கை நடுங்கினத நான் கண்டன். விளக்க எடுத்து எண்ணெய் விடப் போகக்க காவலுக்கு நிண்ட மனிசன் ஓடி வந்தார், வயசான சிங்கள ஐயா. எனக்குப் பக்கெண்டுது, ஏசப் போறாரோ எண்டு. கல்லுல எண்ணெய் ஊத்தக் கூடாது எண்டு சைகையால சொன்னார், நியாயம்தானே, ஆயிரம் வருசத்துக் கல்லு. அம்மாட முகம் வாடிப் போச்சு. அந்த மனிசன் அதக் கண்டுட்டு திரும்பிப் போய் ஒரு அலுமினியத் தட்டோட வந்தார், தான் சோறு தின்னுற தட்டா இருக்கும், அத வாசல்ல வைச்சு இதுக்க வையுங்க எண்டு காட்டினார். சிட்டி விளக்கு தட்டுக்க ஏறிட்டு. அம்மா ஒரு தேவாரம் படிச்சா. குரல் உடைஞ்ச இடத்துல மூத்தவள் பிடிச்சுக் கொண்டாள். காவல்கார ஐயா தொப்பியக் கழட்டிட்டு விளக்கு நூருமட்டும் பக்கத்துல நிண்டார்.

புல்லுக்கட்டு இருக்கே. சுத்து மதில் கரையில உடைஞ்ச நந்தி. அம்மா சின்னவன்ட கையில புல்லக் குடுத்து வைக்கச் சொன்னா, அவன் சுத்திப் பார்த்துட்டு "அம்மம்மா, இதுக்கு முகமே இல்ல, எப்பிடித் தின்னும்?" எண்டான். இவர் சிரிச்சிட்டார். அம்மா சிரிக்கல்ல. "நீ வைச்சிட்டு வா மனே, தின்னுறது அவர்ட வேலை" எண்டா. நாங்க அங்கால திரும்ப குரங்கு ஒண்டு வந்து வாழைப்பழச் சீப்பத் தூக்கிட்டு மரத்துல ஏறிட்டு, பிரசாதம் முழுக்க அதுக்குத்தான். பைய விட்டுட்டு நடக்காதீங்க, அந்த ஊர்க் குரங்குக்கு சிப் திறக்கவும் தெரியும்.

அதுக்குப் பிறகு பார்த்ததெல்லாம் எனக்கு உபரிதான், ஆனா ரெண்டு விசயம் சொல்லணும். தலதா முற்றத்துல, புத்தர்ட பல்லு வைச்சிருந்த அடதாகே எண்டுற கட்டிடத்துக்குப் பக்கத்துல ஒரு பெரிய கல்லு நிமிர்ந்து நிக்கும், வேளைக்காரர் கல்வெட்டு. தமிழ். புத்தர்ட பல்லு வைச்ச கோயிலக் காப்பம் எண்டு வேளைக்காரப் படையாக்கள் ஒப்புக்கொண்டு வெட்டின கல்லு, விஜயபாகுட காலத்துக் கோயிலுக்கு. மூத்தவள் அரை மணித்தியாலம் குனிஞ்சு நிண்டு நாலஞ்சு எழுத்துக் கண்டுபிடிச்சாள். சுத்திவர வந்த டூர் ஆக்கள் எல்லாரும் பக்கத்துல படுத்துக் கிடக்கிற நிசங்கமல்ல ராசன்ட கல்பொத்த எண்டுற பெரிய கல்வெட்டப் பார்த்துட்டுப் போறாங்க, இதத் திரும்பிப் பார்த்தவங்க குறைவு. அந்த முற்றத்துக்குக் கொஞ்சம் தெற்கால முதலாம் நம்பர் சிவன் கோயில், அது பிந்தின காலம், பாண்டியர் பாணி, கல்லு வேலை நல்ல நுணுக்கம். அங்க 1900 களின்ட தொடக்கத்துல தோண்டி எடுத்த நடராசர், நாயன்மார்ட செப்புத் திருமேனியள் கொழும்பு மியூசியத்துல இருக்கு. "சாமியெல்லாம் கொழும்புலயா இருக்கு?" எண்டு அம்மா கேட்ட கேள்விக்கு என்னட்ட மறுமொழி இல்ல.

மத்தியான வெயில்ல வெறுங்காலோட அந்தக் கல்லுல நடக்கிறது தீ மிதிக்கிற மாதிரி. ஒரு சோடி பழைய சொக்ஸ் கொண்டு போங்க, செருப்புத்தான் கூடாது, சொக்ஸ் போடலாம். முழங்காலும் தோளும் மூடின உடுப்பு. டாலர் டிக்கெட்டெல்லாம் வெளிநாட்டு ஆக்களுக்குத்தான், இலங்கை ஆக்கள் எண்டா அடையாள அட்டைய மட்டும் கையில வைச்சுக்கொள்ளுங்க. கல்விகாரையில மரநிழல்ல இருந்து கட்டுச்சோறு அவிழ்த்தம், காக்காவுக்கும் ஒரு பொட்டலம். கேக்காமலே கூட ஒண்டு கட்டினது அம்மாதான். பிறகு பராக்கிரம சமுத்திரக் கட்டுல கொஞ்ச நேரம் காத்து வாங்கிட்டு, மூண்டு மணிக்கே கதுருவெல வந்து பஸ் ஏறிட்டம். அம்மாக்கு மட்டும் சீட் கிடைச்சுது, நாங்க வாழைச்சேனை மட்டும் நிண்டுதான் வந்தம், சின்னவன் நிண்ட நிலையில நித்திரை.

வீட்ட வந்து இவர் கணக்குப் பார்த்தார். பத்தாயிரத்துல அறுநூத்துச் சொச்சம் மிச்சம். அம்மாட்டக் குடுத்தன், அவ அலுமாரியத் திறந்து டின்னுக்க போட்டா.

"தஞ்சாவூருக்காம்மா?"

"இல்ல புள்ள. அந்த மனிசன் தின்னுற தட்டத் தந்தாரே. அடுத்த தரம் போகக்க அவருக்கு ஒரு முட்டித் தயிர் வாங்கிட்டுப் போகணும்."